வேலிக்கு ஓணான் சாட்சி

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மரச் சண்டை. ஆடிக் காற்று கிளம்பினால் வருஷா வருஷம் இப்படித்தான். நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, மரமில்லா மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். மலையில் இல்லாத மரமெல்லாம் கீழே இறங்கி காம்பவுண்டு ஓரத்தில் நின்றுகொண்டதோ என்று இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது தோன்றுகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது நில அளவை வேலைக்குச் சேர்ந்து, வெயிலில் சங்கிலி இழுத்து, நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் கமிஷனர்களோடு போய் எத்தனையோ வேலி ஓரங்களில் நின்று, இரண்டு தரப்புத் திட்டையும் வாங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். விஷயம் முற்றிப் போயிருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாசகி, காந்தி நகர், காட்பாடி

ஐயா, பக்கத்து வீட்டு சாரின் மாமரம் எங்கள் மொட்டைமாடி மேல் எட்டு அடிக்கு நீண்டிருக்கிறது. வடாம் காயவைக்க முடியவில்லை. சருகு விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது, போன ஐப்பசியில் மாடியில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று முறை சொல்லிவிட்டோம். "மரம் வெச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது, நீங்க நேத்து வந்தவங்க" என்கிறார். நாங்களே ஆள் வைத்து வெட்டலாமா? பழத்தைப் பசங்க பறித்தாலும் சண்டைக்கு வருகிறார்.

பதில்: வெட்டலாம் அம்மா. ஆனால் எங்கே நின்றுகொண்டு, எதுவரைக்கும், எந்த மாதத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் சட்டம். உங்கள் எல்லைக்குள் நீண்டு வந்த கிளையை, உங்கள் இடத்தில் நின்றபடியே, எல்லைக்கோடு வரைக்கும் வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. 1890-களில் இங்கிலாந்தில் லெம்மன் எதிர் வெப் என்று ஒரு வழக்கு, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. பக்கத்து நிலத்தில் கால் வைக்காமல் வெட்ட முடியும் என்றால் முன்னறிவிப்புகூடத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் போகின்றன. சார் சொல்லும் இருபத்தைந்து வருஷக் கணக்கு செல்லாது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில் வெளிச்சத்துக்கும் நடைபாதைக்கும் இருபது வருஷ அனுபோகம், அதாவது அத்தனை வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை வரும் என்று ஒன்று இருக்கிறது, ஜனங்கள் அதை மரக்கிளைக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். ஜன்னல் வைத்த இடத்திலேயே இருக்கும். கிளை வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகும். நேற்று ஆறு அடி, இன்று எட்டு அடி என்று நகர்கிற ஒன்றுக்கு அனுபோக பாத்தியதை வராது.

இதைப் படித்ததும் ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் எல்லை எது? "காம்பவுண்டு சுவர்தான்" என்பீர்கள். என் சர்வீசில் நான் அதிகம் கேட்ட பொய் அதுதான், சொல்கிறவருக்கே பொய் என்று தெரியாத பொய். ஒன்பது அங்குலச் சுவரை முழுக்கத் தன் இடத்துக்குள்ளேயே கட்டியவர் உண்டு, பாதிப் பாதி போட்டுப் பொதுச்சுவராகக் கட்டியவர் உண்டு, மேஸ்திரி கயிறு பிடித்த இடத்தில் ஒரு முழம் தள்ளிப் போனதும் உண்டு. சுவர் முழுக்க அவர் கட்டியது என்றால் கோடு உங்கள் பக்கத்து முகத்தில் இருக்கும். அவருடைய சுவருக்கு மேலே இருக்கிற கிளையும் அப்போது அவருடையதுதான், தொடக்கூடாது. கிரயப் பத்திரத்தில் உள்ள நாலு பக்க அளவை எடுத்து டேப் பிடித்துப் பாருங்கள். புலப்படம், அதாவது சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம், ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் மனைப்பிரிவில் வாங்கிய பலருக்கு உட்பிரிவு ஆகாததால் அந்தப் படத்தில் தனி மனைக்கோடே இருக்காது. அப்படியானால் மனைப்பிரிவு வரைபடம்தான் கதி. அதிலும் தகராறு என்றால் பணம் கட்டி எஃப் லைன், அதாவது புல எல்லைக்கோடு அளக்க மனு போடுங்கள். சர்வேயர் இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்து அளப்பார்.

அப்புறம், வெட்டிய கிளையும் அதில் இருக்கும் காயும் மரக்காரருடையவை. உங்கள் பக்கம் தொங்கினாலும், ஏன், உங்கள் மாடியில் விழுந்தாலும் அவருடையதுதான். பசங்களிடம் சொல்லி வையுங்கள். வெட்டியதை அடுக்கி வைத்து "எடுத்துக்கறீங்களா சார்?" என்று கேட்க வேண்டும், சுவருக்கு மேலே அவர் வாசலில் வீசக்கூடாது. வீசினதில் கார்க் கண்ணாடி உடைந்து, கிளை வழக்கு கண்ணாடி வழக்காக மாறியதைச் சத்துவாச்சாரியில் பார்த்திருக்கிறேன்.

மாதம் எது என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் மா மார்கழி, தையில் பூவெடுக்கும், காய் ஆனி வரைக்கும் ஓடும். கார்த்திகையில் கழித்தால் அந்த வருஷப் பூ போச்சு, அவர் வயிறு எரியும், அதில் நியாயமும் உண்டு. அறுவடை முடிந்த ஆடி, ஆவணிதான் கவாத்துக்குச் சரியான நேரம், ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் குழாயும் தப்பும். 2003-லிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்றே, அந்தக் குழாயில் சருகு அடைக்கிறது என்பது சாக்கு இல்லை, உண்மையான சங்கடம்தான். அதை அவரிடம் போட்டோவோடு காட்டுங்கள்.

வெட்டுகிற ஆளிடம் நீங்களே நின்று சொல்லுங்கள். கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் இறக்கினால் பட்டை உரிந்து அடிமரம் வரைக்கும் கிழிந்துவிடும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கம் முதலில் கால் பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சக் கட்டையைப் பிறகு கழிக்கலாம். கட்டையை எங்கே கழிப்பது என்று பார்த்தால், கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும், அதை விட்டு வெளியே அறுத்தால்தான் காயம் மூடும். அது பெரும்பாலும் அவர் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் வினை! உங்கள் உரிமை கோட்டோடு முடிகிறது, மரத்துக்கு நல்லதோ நாலு அடி உள்ளே தள்ளி வெட்டுவது. அதனால்தான் அவரையும் சேர்த்துக்கொண்டு வெட்டினால் இரண்டு பேருக்கும் லாபம். கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். மாங்காய்ப் பால் மேலே பட்டால் தோல் புண்ணாகும், ஆளுக்கு முழுக்கைச் சட்டை இருக்கட்டும்.

ஒரு வாரம் முன்னாலேயே ஒரு தாளில், இன்ன தேதியில் எங்கள் பக்கம் வரும் கிளைகளை மட்டும் கழிக்கப் போகிறோம், நீங்களும் கூட இருந்தால் நல்லது என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மாட்டேன் என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். சட்டம் கேட்கவில்லைதான், ஆனாலும் கொடுங்கள்.

வாசகர், சைதாப்பேட்டை, வேலூர்

எங்கள் வீட்டுக்கும் பின் வீட்டுக்கும் நடுவில் அவர்கள் பக்கம் ஒரு வேம்பு. வேர் எங்கள் செப்டிக் டேங்கு வரை வந்துவிட்டது, கிளை ஓட்டின் மேல் உரசுகிறது. கிளையைக் கழியுங்கள் என்று சொன்ன மறுநாள் காலையில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, ஒரு சூலத்தையும் நட்டுவிட்டார்கள். இனி யாரும் வெட்ட வர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் பின் வீட்டுக்காரர் விவரமானவர். கோர்ட் ஆணையைவிட மஞ்சள் துணிக்கு நம் ஊரில் மதிப்பு அதிகம், வைகாசியில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் துணிக்கு இடம் இல்லை. மாமரத்துக்குச் சொன்னதேதான் வேம்புக்கும். ஆனால் அரிவாள் பிடிக்கிறவன் கை நடுங்கினால் சட்டம் என்ன செய்யும்? அதனால் அந்த வழியிலேயே போங்கள். "அம்மன் குடியிருக்கிற மரம் என்றால் நல்லதுதான், நாங்களும் கும்பிடுகிறோம், அடிமரத்தைத் தொடவே இல்லை, எங்கள் ஓட்டின் மேல் விழுகிற மூன்று கிளையை மட்டும் எடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். அவர்கள் குடும்பத்துப் பெரியம்மா யாராவது இருப்பார்கள், அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், வீட்டு ஆண்களிடம் வேண்டாம். ஆடி மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம், கூழ் ஊற்றுகிற மாதத்தில் வேப்பங்கிளையில் கத்தி வைத்தால் தெருவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆவணி வரைக்கும் பொறுங்கள். கற்பூரம் ஏற்றிவிட்டு வெட்டச் சொன்னால் ஆளும் தைரியமாக ஏறுவான், நான் கண்ணால் கண்டது.

வேர் விஷயம் வேறு. வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே வருவது அபூர்வம். இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தைத் தேடி நுழைகிறது. முதலில் உங்கள் டேங்கையும் குழாய் இணைப்பையும் திறந்து பாருங்கள், விரிசல் அங்கேதான் இருக்கும். வேரை உங்கள் இடத்துக்குள் வெட்ட உரிமை உண்டு என்றாலும் அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரே பக்கமாகப் பெரிய வேர்களை அறுத்தால் பிடிமானம் போய் அடுத்த புயலில் மரம் சாயும். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா, வேர் இல்லாத பக்கம் இழுத்துப் பிடிக்க ஆள் கிடையாது. அடிமரத்தின் குறுக்களவு ஒரு அடி என்றால் குறைந்தது நாலைந்து அடியாவது தள்ளித்தான் வேரில் கை வைக்க வேண்டும்.

வாசகர், குடியாத்தம்

லுங்கித் தறி போட்டிருக்கிறோம். தறிக்கொட்டகை ஷீட் மேல் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காய் விழுந்து இரண்டு ஷீட் உடைந்துவிட்டது, பாவு போட்டிருந்த நூலில் மழைத் தண்ணீர். மரமும் எங்கள் பக்கமே சாய்ந்து நிற்கிறது. "காத்து அடிச்சா விழும், நான் இன்னா பண்றது" என்கிறார்.

பதில்: தென்னையில் மற்ற மரங்களைப் போல ஒரு பக்கக் கிளையைக் கழிக்க முடியாது, குருத்து போனால் மரமே போச்சு. அதனால் உங்களுக்கு வெட்டுகிற வழி இல்லை, அவரைப் பராமரிக்க வைக்கிற வழிதான் இருக்கிறது. தென்னை சுமாராக மாதத்துக்கு ஒரு மட்டை விடும், மட்டைக்கு ஒரு பாளை, ஆகவே காய் முற்றுவது நிற்கவே நிற்காது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏறிக் காயும் காய்ந்த மட்டையும் பன்னாடையும் இறக்கினால் முக்கால்வாசி ஆபத்து போய்விடும். தேங்காய் விற்கிற விலைக்கு ஏறுகிறவன் கூலி கட்டுப்படி ஆகவில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் கதை. கூலியில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ஷீட்டு விலையைவிடக் குறைவாகத்தான் வரும். மரத்தை எதிர்ப்பக்கம் இழுத்துக் கம்பி வடம் கட்டி வைப்பதும் நடக்கிற காரியம்தான், வடம் மரத்தை அறுக்காமல் பழைய டயர்த் துண்டு வைத்துக் கட்ட வேண்டும்.

காற்று அடித்தால் நான் என்ன செய்வது என்று அவர் கேட்டாரே, அதற்கு என் சொந்தக் கதையே பதில். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அண்ணே, உங்க முருங்கை எங்க வண்டி நிறுத்துற இடத்துக்கு மேல வருது, ஒரு கொம்பை ஒடிச்சுடுங்க" என்றான். பார்க்கலாம் தம்பி என்றேன். புயலன்று ராத்திரி காற்று வேலூர் வரைக்கும் வந்தது, கொம்பு முறிந்து அவன் ஸ்கூட்டர் மேல். ஊருக்கெல்லாம் எல்லை அளந்து கொடுத்தவன் வீட்டு மரம்! யாரும் சொல்லாமல் இருந்து, மரமும் பார்க்க நன்றாக இருந்து, புயலில் விழுந்தால் அது தெய்வச் செயல் என்று தப்பிக்கலாம். சொல்லியும் கேட்காமல் விட்டால் அது அலட்சியம், நஷ்ட ஈடு கேட்க அவனுக்கு வழி உண்டு. நான் அவன் கேட்பதற்கு முன்னாலேயே முன்பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே நீங்கள் இன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். உடைந்த ஷீட், நனைந்த பாவு, சாய்ந்த மரம் மூன்றையும் தேதி தெரியப் போட்டோ எடுங்கள். மரம் விழுந்து ஆளுக்குச் சேதம் வரும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து வந்த புதிய சட்டத்தில் அது 152. விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போடலாம் என்று அதில் மரத்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. காய் விழுகிற தொல்லைக்கு மட்டும் அங்கே போகாதீர்கள், திருப்பி அனுப்புவார்கள்.

வாசகர், அணைக்கட்டு

வரப்பில் நிற்கும் பனையின் நிழலால் என் கத்திரிக்காய்ப் பாத்தி ஓரம் விளையவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் பனையை வெட்டச் சம்மதிக்கிறார். வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள், நம் மாநில மரம் அது. இரண்டு பேரும் சம்மதித்தாலும் போதாது. அடி ஓலையைக் கழித்துவிட்டுப் பாருங்கள், பனை நிழல் எத்தனை நேரம் ஒரே இடத்தில் நிற்கும்? முள்ளுக் கத்திரி விளையாததற்கு எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. பாத்தி ஓரத்து மண்ணைக் கிளறிப் பாருங்கள், பனை வேர் சல்லி சல்லியாகப் பின்னியிருக்கும், போடுகிற தண்ணீரையும் எருவையும் அது வாங்கிக்கொள்கிறது. ஓரம் இரண்டு அடியை விட்டுவிட்டுப் பாத்தி கட்டுங்கள்.

வாசகி, சத்துவாச்சாரி

எங்கள் மாமரம் மூன்று மாதமாகக் கிளை கிளையாகக் காய்கிறது. அடியில் பார்த்தால் சுவர் பக்கமாகச் சுண்டுவிரல் அளவு ஓட்டை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மரம் பிடிக்காது. துளை போட்டுப் பெருங்காயம் வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா?

பதில்: போவதற்கு முன்னால் ஓட்டைக்குக் கீழே தரையைப் பாருங்கள். மரத்தூள் மாதிரி, சில நேரம் உருண்டை உருண்டையாக, கழிவு விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் ஓட்டை போட்டது பக்கத்து வீட்டு அம்மா இல்லை, தண்டு துளைப்பான். ஒரு வண்டு பட்டையில் முட்டை வைக்கும், அதன் புழு உள்ளேயே மாதக்கணக்கில் குடைந்து தின்னும், வெளியே கிளை கிளையாகக் காயும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்த நோயின் வர்ணனை. ஓட்டையில் வளைந்த கம்பி விட்டுப் புழுவை இழுத்து எடுத்து, தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிற மருந்தைப் பஞ்சில் நனைத்து உள்ளே வைத்து, களிமண்ணால் அடையுங்கள்.

தூள் இல்லை, துளை நேராக, சுத்தமாக, டிரில் போட்ட மாதிரி இருந்தால் பேச்சு வேறு. அடுத்தவர் மரத்துக்கு விஷம் வைப்பது சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 324-ஆம் பிரிவு. ஆனால் யார் வைத்தது என்று காட்டச் சாட்சி வேண்டும், "அவங்களுக்கு மரம் பிடிக்காது" என்பது சாட்சி ஆகாது. புழுவைப் பார்க்காமலே அந்த அம்மாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டுவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது, கடிதத்தில் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

வாசகர், வாலாஜாபேட்டை

அப்பா காலத்தில் பாகம் பிரித்தபோது எல்லையில் நின்ற புளியமரம் பற்றிப் பத்திரத்தில் எதுவும் எழுதவில்லை. கல் நட்ட இடத்தைப் பார்த்தால் கோடு மரத்துக்குள்ளேயே போகிறது. சித்தப்பா மகன் வீடு கட்ட அதை வெட்டப் போகிறேன் என்கிறான். உலுக்கிய புளியையும் இரண்டு வருஷமாக அவனே எடுத்துக்கொள்கிறான்.

பதில்: இதுதான் எனக்குப் பிடித்த வகைக் கேள்வி. கிளை எங்கே போனாலும் சரி, மரம் யாருடையது என்று தீர்மானிப்பது அடிமரம் தரையைத் தொடும் இடம். தரை மட்டத்தில் அடிமரம் கோட்டின் மேலேயே நின்றால் அது இரண்டு பேருக்கும் பொது. ஒருத்தர் மட்டும் வெட்ட முடியாது, மற்றவர் சம்மதம் வேண்டும், மகசூலிலும் இருவருக்கும் பங்கு உண்டு. அவர் வெட்டுவார் போலிருந்தால் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்க இடம் இருக்கிறது.

ஆனால் கல்லை நம்புவதற்கு முன் கல்லை அளக்க வேண்டும். ஏர் ஓட்டும்போது பெயர்ந்து, யாரோ பாவம் என்று எடுத்து "ஏறக்குறைய இங்கேதான்" என்று நட்ட கற்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். எல்லைக்கல்லை வேண்டுமென்றே நகர்த்துவதோ பிடுங்குவதோ குற்றம், அதற்கு 1923-லேயே சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் வந்துவிட்டது, அது தெரியாமலே நகர்த்துகிறவர்கள்தான் அதிகம். பழைய புலப்படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, சங்கிலிக்கு 66 அடி, ஆக ஒரு லிங்க்ஸ் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதை மீட்டராக்கும்போது ஒரு தப்புக் கணக்குப் போட்டால் புளியமரம் முழுசாக ஒருத்தர் வீட்டுக்குள் போய்விடும். இன்னொன்று, மரம் பருக்கும். உங்கள் தாத்தா கோட்டுக்கு ஒரு அடி உள்ளே வைத்த கன்று இன்று கோட்டைத் தாண்டி வயிறு தள்ளி நிற்கலாம். அப்போது "என் தாத்தா வைத்தது" என்று உங்கள் வீட்டிலும், "என் நிலத்தில் நிற்கிறது" என்று அவன் வீட்டிலும் பேசுவார்கள், இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

சித்தப்பா மகன் என்கிறீர்கள், தம்பிதானே. புளியை உலுக்குகிற மாசியில் இரண்டு குடும்பமும் மரத்தடியில் உட்கார்ந்து பங்கு போடுங்கள். அவன் வீட்டுக்கு நிஜமாகவே இடைஞ்சல் என்றால் மரத்தை விற்று ஆளுக்குப் பாதி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசகர், ஒடுகத்தூர்

வேலி ஓரம் தானாக முளைத்த சந்தனம் பக்கத்துக் கொல்லைப் பக்கம் சாய்கிறது. அவர் கிளையை வெட்டச் சொல்கிறார்.

பதில்: கையை எடுங்கள்! பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் என்றாலும், வெட்டுவது விற்பது எல்லாம் வனத்துறை வழியாகத்தான். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கிளை என்றாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள், பக்கத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சி வாழ்கிற ஜாதி, ஆக அவர் கொல்லை மரங்கள் ஏற்கெனவே அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கலாம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

வாசகி, ஆம்பூர்

போன இதழில் வேலித் தகராறு பற்றிக் கேட்டவருக்கு "உட்கார்ந்து பேசுங்கள்" என்று எழுதினீர்கள். பேசினால் கேட்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு ஏன் எழுதுகிறோம்? என் பக்கத்து வீட்டுக்காரர் ரவுடித்தனமாகப் பேசுகிறார். தனியாக இருக்கிறேன். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: திட்டு நியாயமானது. கிளை வெட்டுவது சிவில் என்று ஸ்டேஷனில் சொன்னது பாதி சரி. மிரட்டினார், சுவர் ஏறி உள்ளே வந்தார் என்றால் அது கிரிமினல். புகாரில் மரத்தைப் பின்னால் வைத்து மிரட்டலை முதலில் எழுதுங்கள், என்ன வார்த்தை, எந்தத் தேதி, யார் கேட்டார்கள் என்று. புகாரை வாங்கிக்கொண்டோம் என்று கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மரத்துக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை அது. வழக்குப் போடும் முன்பே ஒரு மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். தெருவில் கத்துகிற பல பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பூனையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது, அவரும் பின்வாங்க முடியாது, நீங்களும் முடியாது. அதனால் எத்தனை கிளை, எந்த மாதம், யார் கூலி என்பதையெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். "பரஸ்பரம் ஒத்துழைப்போம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆடியில் மறுபடியும் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

வாசகி, கொசப்பேட்டை

எங்கள் கதை தலைகீழ் ஐயா. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம்தான் காய்க்கிறது, அந்த அக்காவே பறித்துக்கொள்ளச் சொல்வார். இப்போது கம்பளிப்பூச்சி வருகிறது என்று அடியோடு வெட்டப் போகிறார்களாம். தடுக்க ஏதாவது சட்டம் இருக்கிறதா?

பதில்: இல்லை. அவர் மரம், அவர் இஷ்டம், இத்தனை வருஷம் பறித்த காய்க்கு உரிமை எதுவும் வராது. ஆனால் கம்பளிப்பூச்சிக்காக மரத்தை வெட்டுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. மழைக்காலத்தில் பகலில் அடிமரத்தில் கும்பலாக அப்பிக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்துத் தீப்பந்தத்தைக் காட்டினால் போதும், சுவரும் ஒயரும் பக்கத்தில் இருந்தால் நெருப்பு வேண்டாம், சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள், ரோமம் மேலே படாமல். முருங்கையை ஒடித்து வளர் என்று சும்மாவா சொன்னார்கள், தலையை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டால் தழைத்து வரும், காயும் கைக்கு எட்டும். அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேட்கவில்லை என்றால், வெட்டுகிற அன்று போய்க் கை கனத்தில் நாலு அடி நீளத்துக்கு இரண்டு போத்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நிழலில் கிடக்கட்டும், அப்புறம் ஒரு முழம் ஆழத்துக்கு நட்டு, மேல்முனையில் சாணி அப்பிவிடுங்கள், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் துளிர்த்துவிடும். சுவரிலிருந்து எட்டு அடி தள்ளி நடுங்கள்.